அவர் சொன்னது: கோ

ஜூலை 1, செவ்வாய்

ஜெபசெல்வி எழுதச் சொல்லியிருக்கிறாள், எழுதுகிறேன். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்து அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். சார் என்ன சொல்கிறார், எதைப் பார்த்துச் சொல்கிறார், அப்போது முகம் எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. கோடு கூடப் போடாமல் அச்சடித்திருக்கிறான். இலவசம் என்றால் அப்படித்தான்.

இன்று அவர் சொன்னது: கோ.

அவ்வளவுதான். காபியைப் பார்த்துக் கோ, மின்விசிறியைப் பார்த்துக் கோ, என்னைப் பார்த்தும் கோ. ஆவுடையப்பன் சார் என்றால் சாத்தூரில் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருஷத்துக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்தியவர். வைகாசியில் வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் மொத்தமாகப் போனது. சில வாரம் கழித்து ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. அதுவும் தமிழில் வரவில்லை. என்னோடு சண்டை போட்டதும் சமாதானமானதும் எல்லாம் தமிழில்தான், திரும்பி வந்தது மட்டும் பள்ளிக்கூடத்து பாஷை.

கோ என்றால் போ. எட்டாவது படித்தவளுக்கு அது தெரியாதா.

ஜூலை 2, புதன்

அரிசியில் கல் கூடிவிட்டது. பொறுக்கித்தான் போட்டேன், இருந்தும் அவர் பல்லில் கடிபட்டது. கடைக்காரனிடம் கேட்க வேண்டும்.

அவர் சொன்னது: கோ.

ஜூலை 4, வெள்ளி

காலையில் குமரேசன் புனேயிலிருந்து பேசினான். போனை அவர் காதில் வைத்தேன். மகன் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்து, கோ, கோ என்றார். குமரேசனுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு பேரையும் புனேக்கு அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

"அப்பாவே போலாம்னு சொல்றாங்கம்மா. நீதான் பிடிவாதம் பிடிக்கிற."

அவர் குழம்பைப் பார்த்தும் அதைத்தான் சொல்கிறார், குழம்பையும் புனேக்கு அழைத்துப் போகிறாயா என்று கேட்டேன். சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, உன் கண் ஆபரேஷன் என்ன ஆச்சு என்று கேட்டான். பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் ஏற்கெனவே இறக்கி வைத்தாகிவிட்டது.

கண்ணுக்கு இப்போது என்ன அவசரம். புரை என்பது எல்லோருக்கும் வருவதுதான். மதுரைக்கு அழைத்துப் போக வைகாசியில் அவரே நாள் குறித்து வைத்திருந்தார். அந்த வாரத்தில்தான் அவர் விழுந்தார். ஆஸ்பத்திரி ஓடியா போகும்?

ஜெபசெல்வி வந்து படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். ஆப்பிள், கோ. குடை, கோ. மயில், கோ. அந்தப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம். அவருக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

ஜூலை 5, சனி

அவருடைய பெரிய அகராதியை எடுத்தேன். ஒரு சொல்லைத்தான் சொல்கிறார், அதற்கு எத்தனை அர்த்தம் என்றாவது பார்ப்போம் என்று. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. பழைய அச்சு, மங்கிவிட்டது. சாயங்காலம் சவரிமுத்து அண்ணன் வந்தபோது அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இவரோடு ஒரே பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவர், தினமும் இவரைப் பார்க்க வந்துவிடுவார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அட்டென்ஷனும் ஸ்டாண்ட் அட் ஈஸும்தான் தங்கச்சி என்று பிகு பண்ணிக்கொண்டே படித்தார்.

பக்கம் பக்கமாகப் போகிறது. விளக்கு அணைந்தாலும் கோ, வெடி வெடித்தாலும் கோ, பால் கெட்டாலும் கோ. மேலே சொல் என்பதற்கும் அதே, ஒருவருக்குப் பைத்தியம் பிடித்தாலும் அதே. இந்தச் சட்டைக்கு இந்தப் பேண்ட் பொருந்துகிறது என்பதற்குக்கூட வெள்ளைக்காரன் வேறு சொல் தேடவில்லை. ஒரே சொல்லை வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறான். அவர் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு இடத்தில் தப்பாகப் படித்ததும் புருவத்தைத் தூக்கினார். வாத்தியார் உள்ளே முழுசாகத்தான் இருக்கிறார்.

நம்முடைய 'போ' மட்டும் என்ன, சளைத்ததா? பால் கெட்டுப்போகும், கரண்ட் போகும், மானம் போகும், உயிர் போகும். கண் போகும்

சட்டியில் ஏதோ தீய்கிறது. பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

சவரிமுத்து அண்ணன் கிளம்பும்போது, வாசலில் நின்று, "கண்ணக் காட்டுனியா தங்கச்சி?" என்று கேட்டார். காட்டலாம் அண்ணே என்றேன். தன் சட்டை நீலமா பச்சையா என்று என்னிடமே கேட்கிறார். சட்டையைத் துவைத்துப் போட்டால் நிறம் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 8, செவ்வாய்

அகராதி பார்த்த கதையை ஜெபசெல்வியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு என்னை உட்கார வைத்துப் பேசினாள். அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியுமாம். சொல் வருகிற பாதைதான் அடைபட்டுவிட்டதாம். அந்த ஒரு சொல்தான் வாய்க்கு அகப்பட்டது, அதனால் தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான் வரும், தலையணை வேண்டுமென்றாலும் அதுதான் வரும்.

"சொல்ல விட்ருங்கம்மா. ராகத்தக் கேளுங்க. கண்ணு எங்க போகுதுன்னு பாருங்க. சார் அதுலதான் பேசுறாங்க."

கண் எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு நான் ரொம்பப் பக்கத்தில் போக வேண்டியிருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். புதிதாக யோசித்துப் பேசுவது வராவிட்டாலும், பழகிப் பழகி நாக்கில் ஊறிய பேச்சு சில சமயம் தானாக வந்துவிடுமாம். வேண்டுதல், எண்ணிக்கை, பாட்டு, அந்த மாதிரி. சார் தினம் தவறாமல் சொல்கிற பேச்சு என்ன என்று கேட்டாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இந்த வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லி வாசல்படி தாண்ட முடியாது. போகிறவர் 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல வேண்டும், அவர் 'போயிட்டு வா' என்று பதில் சொல்ல வேண்டும். குமரேசன் சின்ன வயதில் மறந்து ஓடினால் தெருமுனையிலிருந்து திரும்ப அழைத்து வந்து சொல்ல வைத்து அனுப்புவார். அதையே பையன்கள் இங்கிலீஷில் 'ஐ கோ அண்ட் கம்' என்று எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போடுவார். இரண்டு பாஷையையும் கலந்தால் சாம்பாரில் பாயசத்தை ஊற்றாதே என்பார்.

நல்லதாகப் போயிற்று, அதையே பிடிப்போம் என்றாள் ஜெபசெல்வி. நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் படியில் நின்று 'போயிட்டு வாரேன்' சொல்ல வேண்டும். பதிலுக்கு அவருக்கு 'போயிட்டு' என்று எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்த வேண்டும். மிச்சத்தை அவர் முடிக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

பால் வாங்கக் கிளம்பினேன். "போயிட்டு வாரேன்" என்றேன். "போயிட்டு..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

கோ.

அதைக் கேட்டுவிட்டுப் படி இறங்க மனம் வரவில்லை. நின்றேன். மறுபடியும் எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் கோ. கடைசியில், பாத்திரத்தை மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போய் வந்து, பின்பக்கமாக வெளியேறினேன். பால் தீர்ந்துவிட்டிருந்தது. கடுங்காப்பிதான்.

ஜூலை 12, சனி

ராகம் கொஞ்சம் பிடிபடுகிறது. எழுதி வைக்கிறேன், ஜெபசெல்விக்கு ஆகும்.

குட்டையாக, கீழே இறங்கினால் தண்ணீர். இழுத்து, கடைசியில் தூக்கினால் மின்விசிறி. மூக்கால் வந்தால் புழுக்கம் இல்லை, கோபம். அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி, நைஸாக, பாதி சிரிப்போடு வந்தால் சேவு. இந்த ஊர்க்காரருக்குப் பேச்சு போனாலும் சேவு போகாது. விழுங்குவது சரியாகும்வரை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது நுணுக்கி, மோரில் ஊறவைத்துக் கொஞ்சம் கொடுக்கிறேன். அதைச் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ராகம் இருக்கிறது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் வரும். என்னையே பார்த்து, மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக. இன்று பக்கத்தில் போய்க் குனிந்தபோது இடது கையால் என் மூக்குக் கண்ணாடியைத் தொட்டார். கழற்றிக் கட்டிலில் வைத்தார். அப்புறம் அதே ராகத்தில் கோ.

அது மட்டும் என்னவென்று பிடிபடவில்லை.

ஜூலை 14, திங்கள்

வாசலில் 'போயிட்டு' என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். கோ. இன்று முன்பக்கமாகவே போனேன், ஆனால் 'போயிட்டு வா' என்று அவருக்காக நானே சொல்லிக்கொண்டு படி இறங்கினேன். எதிர்வீட்டில் பார்த்திருந்தால் எனக்கும் வைத்தியம் பார்க்கச் சொல்வார்கள்.

ஜூலை 16, புதன்

இன்று எனக்குக் கோபம். எழுதக்கூடாது என்று இருந்தேன். எழுதுகிறேன்.

ராத்திரி மாத்திரையை எடுத்து நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டார். கொஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். இடது கையால் தட்டிவிட்டதில் தம்ளர் உருண்டு புடவை முழுக்கத் தண்ணீர். கோ, கோ, கோ என்று ஒரே கத்தல். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாள் 'போ' என்று சொன்னதில்லை அந்த மனிதர். சொல் வாய்க்கு அகப்பட்டது என்று ஜெபசெல்வி சொல்லலாம். காதில் விழுகிறவளுக்கு அது 'போ'தான்.

அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்றேன். வெங்காயம் உரிக்க வேண்டியிருந்தது.

ஜூலை 18, வெள்ளி

ஜெபசெல்வி வந்ததும் அவர் பயிற்சிக்கு உட்காரவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து மாத்திரை டப்பாவைக் காட்டினார். அவள் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலையில் கொடுக்க வேண்டியது பச்சை அட்டை, ராத்திரிக்கு மஞ்சள் அட்டை. பச்சை அட்டை ஏறக்குறையத் தீர்ந்திருக்கிறது. மஞ்சள் அட்டையில் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

இரண்டு வேளையும் நான் ஒன்றையே கொடுத்திருக்கிறேன். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் வாயை இறுக்கிக்கொண்டது அதனால்தான்.

ஜெபசெல்வி உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். தெய்வாதீனமாக ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பி, இந்த இரண்டு அட்டையும் என்ன நிறம்மா என்று கேட்டாள். நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம். பழைய துணி நிறம். அவள் இந்த டைரியை வாங்கிப் புரட்டினாள். "கோடு இருக்கேம்மா. ஒண்ணு மேல ஒண்ணு எழுதியிருக்கீங்க" என்றாள்.

அப்போது அவர் சொன்னார், அந்தச் சாயங்கால ராகத்தில், என் கண்ணாடியைக் காட்டி. கோ.

அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அகராதியில் முதல் வரியில் இருக்கிற அர்த்தம்தான். மதுரைக்குப் போ, கண்ணைக் காட்டு என்று விளக்கு வைத்த பொழுதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். புரியாமல் இல்லை. பிடிபடவில்லை என்று எழுதி வைத்தது எனக்கு நானே சொன்ன பொய்.

பயமாக இருக்கிறது. கண்ணைக் கீறுவார்களே என்று இல்லை. நான் இந்தப் படியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதற்குள் இவர் போய்விட்டால் என்ன செய்வேன்? பால் வாங்கப் போனாலே பாதி வழியில் திரும்பி ஓடி வரத் தோன்றுகிறது. இவரைக் காப்பாற்றத்தான் வீட்டோடு இருக்கிறேன் என்று நினைத்தேன், இருந்துகொண்டே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 19, சனி

மாத்திரை வேளைக்கு சவரிமுத்து அண்ணன் வந்து எடுத்துக் கொடுக்கிறார். டிரில் மாஸ்டர் பாருங்கள், நேரம் தவறுவதில்லை. குமரேசனுக்கு நானே போன் பண்ணினேன். வா, மதுரைக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். டிக்கெட் போட்டுவிட்டுப் பேசுகிறேன் என்றான்.

ஜூலை 22, செவ்வாய்

வாசல்படிப் பயிற்சி தொடர்கிறது. ஜெபசெல்வி எதிரே உட்கார்ந்து உதட்டைக் காட்டிச் சொல்லித் தருகிறாள். கீழ் உதட்டைப் பல் தொட வேண்டும், பிறகு வாயைத் திறக்க வேண்டும். வா. பத்தாம் வகுப்புப் பையன் மாதிரி அவர் முயற்சி செய்கிறார். பல் தொடுகிறது. வாய் திறக்கிறது. வெளியே வருவது கோ.

வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், பொய் சொல்ல விரும்பவில்லை என்றாள்.

ஜூலை 26, சனி

குமரேசன் வந்துவிட்டான். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான். திங்கட்கிழமை மதுரைக்குக் கிளம்புகிறோம், நாங்கள் திரும்பும்வரை இரண்டு நாளும் சவரிமுத்து அண்ணன் இங்கேயே தங்குவதாக ஏற்பாடு. என்னென்ன எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டினேன். சேவு டப்பா எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஜூலை 28, திங்கள், காலை

கார் வாசலில் நிற்கிறது. குமரேசன் பையை வைக்கப் போயிருக்கிறான். நடந்ததை எழுதிவிட்டுக் கிளம்புகிறேன்.

அவரை நாற்காலியில் வாசலுக்கு நேராக உட்கார வைத்திருந்தோம். விபூதி பூசிவிட்டேன். படியில் நின்று, "போயிட்டு வாரேன்" என்றேன். எடுத்துக் கொடுத்தேன். பல் உதட்டைத் தொட்டது.

கோ.

மறுபடியும் எடுத்துக் கொடுத்தேன். நெற்றியில் வேர்த்துவிட்டது அவருக்கு. கோ. மறுபடியும். கோ. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. பாதிதான் வருகிறது என்பது அவருக்குத் தெரிகிறது, என் காதில் அது எப்படி விழும் என்பதும் தெரிகிறது. இத்தனை வருஷமும் இந்தப் படியில் ஒருவரையும் 'போ' என்று அனுப்பாத மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை.

கிளம்பினவள் திரும்பக்கூடாது என்கிற சாஸ்திரமாவது ஒன்றாவது. பக்கத்தில் போய் முகத்தை நிமிர்த்தினேன்.

"பாதி குடுத்துட்டீங்கல்ல, போதும். மிச்சத்த வந்து வாங்கிக்கிறேன். பத்திரமா வச்சிருங்க."

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் முன்வாசல் வழியாகத்தான் போகப்போகிறேன். குமரேசன் கூப்பிடுகிறான்.

ஜூலை 30, புதன்

அதிகம் எழுதக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குமரேசன் பார்த்தால் திட்டுவான்.

இந்த டைரியில் கோடு இருக்கிறது. நீலக் கோடு. முன்பக்கங்களைப் பார்த்தேன், கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. அரிசிக்கடைக்காரனைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஒரு கண்ணில்தான் செய்திருக்கிறார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன். கார் தெருவுக்குள் திரும்பியதும் வாசலைத்தான் பார்த்தேன். வாசல் கதவு திறந்திருந்தது. நேற்று முன்தினம் விட்டுப்போன இடத்திலேயே நாற்காலி, அதில் அவர். காலையிலிருந்து அங்கேதான் உட்காருவேன் என்று அடம் பிடித்ததாக அண்ணன் சொன்னார். வேட்டி வெள்ளையாக இருந்தது. நான்தான் அதை மஞ்சளாகப் பார்த்துக்கொண்டு நீலம் போட்டு நீலம் போட்டுத் துவைத்திருக்கிறேன். அண்ணன் சவரம் செய்தபோது தாடைக்கடியில் கொஞ்சம் விட்டுவிட்டார். படியில் நின்றே அது எனக்குத் தெரிந்தது.

நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் பல் உதட்டைத் தொட்டது. பாதி காற்றாகத்தான் வந்தது, கோணிக்கொண்டு வந்தது.

"வா."

குமரேசன் பையைக் கீழே போட்டுவிட்டான். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஆயிரம் தடவை சொன்னார்கள், யாரிடம் போய்ச் சொல்வது.

கொஞ்சம் தெளிந்த பிறகு அவரிடம் கேட்டேன், பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், சாம்பாரில் பாயசம் ஊற்றலாமா சார் என்று. இடது பக்கத்தால் சிரித்தார். பிறகு அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி, நைஸாக ஒரு கோ.

இன்று அவர் சொன்னது: கோ, நிறையத் தடவை. வா, ஒரு தடவை.